அந்த மூன்று சாக்குகளையும் அவிழ்த்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், பள்ளி நிர்வாகத்தாருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னோடு இருக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

என் மகள் உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளியின் பெயரையோ, நடந்ததில் சம்பந்தப்பட்ட யாருடைய பெயரையோ இந்த மடலில் எழுதப் போவதில்லை. பள்ளியைச் சந்திக்கு இழுப்பது என் எண்ணமில்லை. ஆனால் இது நாளைக்கு இன்னொரு பள்ளியிலும் நடக்கலாம் என்பதால், உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முந்திய புதன்கிழமை. சாயங்காலம் மகள் பள்ளி விட்டு வந்தவள் பையைக் கூட இறக்காமல் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். புதன்கிழமைகளில் அவள் அப்படி இருக்க மாட்டாள். அன்றைக்குத்தான் நூலக வகுப்பு. புதுப் புத்தகத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருவாள், பையில் வைத்தால் ஓரம் மடங்கிவிடுமாம். அன்றைக்குக் கையில் ஒன்றுமில்லை.

"புக்க வாங்கிட்டாவம்மா. பாதிதான் படிச்சிருந்தேன். அந்தப் பிள்ள திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சா இல்லையான்னே தெரியல."

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். கதையில் வருகிற பிள்ளையாம். ஊருக்கே துணி வெளுக்கிற வீட்டுப் பிள்ளை. பள்ளியில் பின்பெஞ்சில் தனியாக உட்காரவைக்கிறார்கள். ஒருநாள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறாள். அதுவரைதான் என் மகள் படித்திருந்தாள்.

என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்கு முந்திய சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அப்பா அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார். ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கதையில் வரும் பண்ணையார் அந்தப் பிள்ளையின் அப்பாவைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரி அது. 'இதத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்காவளா' என்று கீழே எழுதியிருந்தார். விடிவதற்குள் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. திங்கட்கிழமை பள்ளி வாசலில் இரண்டு கார்கள் நின்றன. புதன்கிழமை நூலக ஆசிரியை வகுப்பு வகுப்பாகப் போய்ப் புத்தகங்களைத் திரும்ப வாங்கினார். போனது அந்த ஒரு புத்தகம் மட்டுமில்லை. சாதிப் பெயர் எங்காவது கண்ணில் பட்டதெல்லாம் போயிற்று. பிறகு சாமியைப் பற்றிக் கிராமத்தார் சொல்லும் கதைகள் இருந்த ஒரு தொகுப்பு. பிறகு பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதைப் பற்றி ஒரு டாக்டரம்மா எழுதிய சிறு புத்தகம். அதில் என்ன குற்றம் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நெல்லையில் வளர்ந்து, நெல்லையில் படித்த புதுமைப்பித்தனின் கதைத் தொகுதியும் போயிற்று. எல்லாம் இப்போது மூன்று அரிசிச் சாக்குகளில், வாய் கட்டி, உங்கள் அறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் இருக்கின்றன. நான் நேரில் பார்த்தேன்.

ஐயா, உங்கள் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்தப் பள்ளிக்கு வரும் முன்பு நூலகம் என்பது பூட்டிய இரண்டு பீரோக்கள்தான். சாவி யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது மட்டும் திறக்கும். அந்தப் பீரோக்களைத் திறந்து, புத்தகங்களை வராந்தாவில் கொடி கட்டித் தொங்கவிட்டவர் நீங்கள். பொருநை புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போய், ஆளுக்கொரு புத்தகம் எடுக்கவைத்தவரும் நீங்கள்தான். அதனால்தான் அந்தச் சாக்குகளைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. வேறொருவர் செய்திருந்தால் இத்தனை வலித்திருக்காது.

நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நம்ம ஊரு நிலவரம் தெரியும்லாம்மா. பிரச்சினை வேண்டாமேன்னுதான்."

நம்ம ஊர் நிலவரம் எனக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து, கூடப் படித்த பையன்களே வெட்டினார்கள். ஒரு தலித் பையன் நன்றாகப் படிக்கிறான், தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னான். அவ்வளவுதான் காரணம். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி இந்த மாவட்டத்தில் எத்தனை அம்மாக்கள் தூங்கினார்களோ, நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாம் கூடாது என்று அதில் பரிந்துரை இருந்தது.

உங்கள் பள்ளி வாசலில் மணியடிக்கிற நேரத்துக்கு நின்று பாருங்கள். சட்டையின் கைப்பட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வரும் பையன்கள், வெளியே வந்ததும் மடித்துவிடுகிறார்கள். இன்ன நிறம் இன்ன ஆள் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிகிறது. நான் தையற்காரி. யூனிபார்ம் தைக்க அளவெடுக்கும்போது மணிக்கட்டைப் பிடிக்கிறேன், கயிறு தட்டுப்படுகிறது. "இத யாரு தம்பி கட்டிவிட்டா?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். "எல்லாரும் கட்டுதாங்கக்கா" என்றான். அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவன் கையில் இருப்பதை எடுக்க நம்மால் முடியவில்லை. சாதியைப் பற்றி எழுதியிருந்த புத்தகத்தை மட்டும் ஒரே நாளில் எடுத்துவிட்டோம்.

இதில் எனக்கு மிகவும் உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வந்தவர்கள் ஒரே தரப்பில்லை. பண்ணையார் எந்தச் சாதி என்று கதையில் எழுதவில்லை. ஆனாலும், எங்களைத்தான் கெட்டவர்களாகக் காட்டுகிறார்கள் என்று ஒரு தரப்பு வந்தது. எங்கள் பெயரை இப்படி எழுதலாமா என்று கதையில் அவமானப்படுகிற சாதியிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். ஊரில் ஒரே டீக்கடையில் சேர்ந்து உட்காராதவர்கள், புத்தகத்தை எடுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தார்கள்.

முதல் தரப்பிடம் எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கதையில் வரும் பண்ணையாரை நம் தாத்தா என்று நினைத்துக்கொண்டால் வருத்தம்தான் வரும். அந்தப் பிள்ளையை நம் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாம் தரப்பில் வந்த ஓர் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். "வகுப்புல அந்த வரிய ஒரு பிள்ள சத்தம் போட்டு வாசிச்சா, மத்த பிள்ளைய எல்லாம் திரும்பி யாரப் பாக்கும்? எம் பிள்ளயத்தான பாக்கும். அன்னைக்கு அவன் எங்கன போய் ஒளியுவான்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கேட்டது முழுக்க நியாயம். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கணம் வரக் கூடாது. ஆனால் அதைத் தடுக்க வேண்டியது ஆசிரியர். கதையை எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்திப் பேசுவது, எந்தக் கதையை வகுப்பில் வாசிக்காமல் தனியாகப் படிக்கக் கொடுப்பது, சிரிக்கிற பையனை எப்படித் திருத்துவது என்பதெல்லாம் ஆசிரியரின் வேலை, அவருக்கு நாம் தர வேண்டிய பயிற்சி. புத்தகத்தைச் சாக்கில் கட்டிவிட்டோம் என்பதால் அந்தப் பையனைத் திரும்பிப் பார்ப்பவர்கள் நிறுத்திவிட்டார்களா? விளையாட்டு பீரியடில், சத்துணவு வரிசையில், பஸ் ஸ்டாப்பில் அதே சொல் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே அது வசவாக மட்டும் விழுகிறது. அந்தச் சொல் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று மற்ற பிள்ளைகள் உணரும்படி அது எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்தப் புத்தகம்தான். அந்த அம்மாவிடமும் பிறகு போய் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "டீச்சர் அப்படி நடத்துவாவன்னா சரி" என்றார். அவருடைய அந்த நிபந்தனையை நீங்கள் நிறைவேற்ற வேண்டும் என்பது என் கோரிக்கையில் ஒன்று.

நான் ஏன் இதற்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். என் அம்மா பீடி சுற்றினாள். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலுமாக ஏழெட்டுப் பெண்கள் மடியில் சுளகோடு உட்கார்ந்துவிடுவார்கள். நனைத்த இலையை வெட்டி அடுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். ஊர்ப்புற நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்ததை அவர்களுக்குச் சத்தமாக வாசிப்பேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. புரிகிறதோ இல்லையோ, எழுத்துக் கூட்டாமல் வாசித்துவிடுவேன். "ஏட்டி, நல்லாச் சத்தமா வாசி, எனக்குக் காது அடைக்கி" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எங்கள் தெருவுக்குத் துணி எடுக்க வரும் ஓர் அம்மா இருந்தாள். அவள் முற்றத்துக்கு வெளியேதான் நிற்பாள். மூட்டையைக் கட்டியதும் போய்விடுவாள். ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருந்த கதையில் அவளைப் போலவே ஒருத்தி வந்தாள். நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நிற்கிறாள், போகவில்லை. என் அம்மாவின் கை நின்றுவிட்டது. பாதி சுருட்டிய இலை விரலுக்கு நடுவில் அப்படியே இருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் முடித்ததும் அவள், "பெறவு அவளுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். கதை அவ்வளவுதான் என்றேன். போய்விட்டாள். மறுநாள் அவள் வந்தபோது முற்றத்துக்கு உள்ளே, நடைக்குப் பக்கத்தில், ஒரு சாக்கு விரித்துக் கிடந்தது. ஆச்சிதான் விரித்திருந்தாள். அதற்கப்புறம் கதை வாசிக்கும்போதெல்லாம் அவள் அதில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குக் கொடுத்த டம்ளர் கடைசிவரை தனி டம்ளராகத்தான் இருந்தது. அதை ஆச்சி மாற்றவே இல்லை. ஒரு கதையால் நடந்தது அந்தச் சாக்கு விரித்தது மட்டும்தான். ஆனால் அதுவும் அந்தக் கதை இல்லாமல் நடந்திருக்காது, அந்த முற்றத்தில் நான் இருந்தேன்.

அதே ஒரு கதை அன்றைக்கு எங்கள் நூலகத்தில் சாக்கில் கட்டிக் கிடந்திருந்தால் என்று இந்த மூன்று வாரமும் நினைத்துப் பார்க்கிறேன்.

தடை நம் மண்ணுக்குப் புதிதில்லை. பாரதி பையனாக நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். இங்கே ஆங்கிலப் படிப்புக்குத் தன்னை அனுப்பியதையும் அதில் தான் பட்ட கசப்பையும் 'கனவு' என்ற தன் வரலாற்றுப் பாட்டில் எழுதினார். மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட அதே 1911-இல், வெள்ளைக்கார அரசு 'கனவு' நூலையும் 'ஆறில் ஒரு பங்கு' கதையையும் தடை செய்தது. பிற்பாடு 1928-இல் அவருடைய தேசபக்திப் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள், சத்தியமூர்த்தி அதை எதிர்த்துச் சட்டசபையில் பேசினார். இப்போது அதே பாட்டுகளை உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் பாடுகிறார்கள். என் மகளும் பாடினாள், மீசை வரைந்துகொண்டு. அன்றைய அதிகாரியும் பிரச்சினை வேண்டாமென்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2020 நவம்பரில், அபிஷேகப்பட்டியில் இருக்கும் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017 முதல் இருந்த அருந்ததி ராயின் ஒரு நூலை, ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் எடுத்துவிட்டது. அந்த நூலில் சொல்லியிருப்பதை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். மூன்று வருடம் வகுப்பில் வைத்துப் பாடம் நடத்திய ஒன்று ஒரு மனுவில் ஆகாததாகிவிட்டது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. முதுகலை படிக்கிறவர்களுக்கே இந்த நிலைமை என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் வாதாடுவது? பெற்றோர்தான்.

பிரச்சினை வேண்டாம் என்று அதிகாரிகள் முடித்துவைத்த ஒரு காரியம் எங்கே போய் நின்றது என்பதையும் நினைவூட்டுகிறேன். திருச்செங்கோட்டைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. நாலு வருடம் கழித்து, 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. ஊரில் கடையடைப்பு. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூட்டி, அவரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறியுங்கள், படித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருளில் தீர்ப்பில் எழுதினார்கள். அந்த எழுத்தாளர் மீண்டும் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று முடித்தார்கள். ஐயா, உங்கள் அறையில் திங்கட்கிழமை நடந்ததும் அதே மாதிரி ஓர் அமைதிப் பேச்சுவார்த்தைதான். சத்தம் போட்டவர்கள் ஒரு பக்கம், நிர்வாகம் ஒரு பக்கம். புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பக்கம் பேச அங்கே ஒரு நாற்காலியும் போடவில்லை. மேலாண்மைக் குழு உறுப்பினரான எனக்கே என் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் இந்தத் தொல்லை இதைவிடப் பெரிது. 2023-24 கல்வியாண்டில் மட்டும் அங்கே பள்ளிகளில் 10,046 முறை புத்தகங்கள் விலக்கப்பட்டன என்று எழுத்தாளர்களுக்கான பென் அமெரிக்கா அமைப்பு கணக்கெடுத்தது. 2021-22-இல் பள்ளிகளுக்கு வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்களை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் 11 பேர்தான் என்று தெரிந்தது. புளோரிடாவில் ஒரு பள்ளியில், 2021 அதிபர் பதவியேற்பு விழாவில் அமாண்டா கோர்மன் என்ற இளம் கவிஞர் வாசித்த கவிதையைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பகுதியிலிருந்து எடுத்தார்கள். ஒரே ஓர் அம்மா கொடுத்த புகார். புகார்ப் படிவத்தில் கவிதையை எழுதியவர் பெயரே தவறாக இருந்தது. அங்கேயும் மற்ற பெற்றோர்தான் எழுந்தார்கள். பள்ளி வாரியக் கூட்டங்களில் வரிசையில் நின்று பேசினார்கள், நீதிமன்றம் போனார்கள். தன் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு பெற்றோருக்கு உரிமை உண்டு, என் பிள்ளை என்ன படிக்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. பாளையங்கோட்டையில் நான் சொல்வதும் அதேதான்.

படம் எடுத்துப் போட்ட அந்த அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமில்லை. அவரை எனக்குத் தெரியும். ராத்திரி பகல் பாராமல் லோடு ஆட்டோ ஓட்டி இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். நாங்குநேரி அவரையும் பயமுறுத்தியிருக்கிறது. தன் மகன் இந்தச் சண்டைச் சச்சரவு எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர் பயம். அது எல்லோருக்கும் உள்ள பயம். அவரிடம் போய், "அண்ணாச்சி, புத்தகத்த முழுசாப் படிச்சியளா?" என்று கேட்டேன். "இல்லம்மா, அந்தப் பக்கத்தத்தான் பாத்தேன். எவனோ அனுப்பினான்" என்றார். மறைக்காமல் சொன்னார். சிவப்பு வட்டமும் அவர் போட்டதில்லையாம்.

பிள்ளைகளுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதுக்கு ஏற்றது, ஏற்காதது என்று உண்டு. நம் கரிசல்காட்டு கி.ரா. நாட்டுப்புறத்தில் பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் கதைகளைத் தொகுத்தபோது, தலைப்பே 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றுதான் வைத்தார். அதைக் கொண்டுபோய் ஆறாம் வகுப்பில் வைக்க யாரும் கேட்கவில்லை. அரசு நடத்தும் வாசிப்பு இயக்கத்தில் கூட நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துத்தான் புத்தகங்கள் வருகின்றன. நூலக ஆசிரியை இந்தப் புத்தகம் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்று தனித் தட்டில் வைத்தால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது பிள்ளைகளையும் புத்தகங்களையும் அறிந்தவர் எடுக்கும் முடிவு. இங்கே நடந்தது அதில்லை. இங்கே எடுத்தவர்கள் படிக்கவில்லை, படித்தவரைக் கேட்கவில்லை. பதினைந்து வருடம் அந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியை கண்கலங்கிக்கொண்டே புத்தகங்களை வாங்கினார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும், அதில் நாளிதழ்கள், பத்திரிகைகள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களிலும் நூல்கள் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கதைப் புத்தகம் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. அதே சட்டம்தான் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. காரில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பள்ளியில் பிள்ளைகளே இல்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல், நம் மாகாணத்தில்தான். சீர்காழியில் பிறந்து உலகத்துக்கே நூலக அறிவியல் சொல்லிக்கொடுத்த ரங்கநாதன் 1931-இலேயே ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் என்று விதி எழுதிவைத்தார். ஸ்டோர் ரூமில் கிடக்கும் அந்தப் புத்தகங்களுக்கு வாசகர்கள் உங்கள் வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள்.

எனவே நான் கேட்பது இதுதான். புத்தகங்கள் முதலில் அலமாரிக்குத் திரும்பட்டும். இனி யாருக்காவது ஒரு புத்தகத்தின் மேல் குறை இருந்தால், வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைப் போடாமல், புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு என்ன குறை என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கட்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோராக அவர் இருக்கட்டும். நூலக ஆசிரியை, ஒரு தமிழ் ஆசிரியர், மேலாண்மைக் குழுவிலிருந்து மூன்று பெற்றோர், மேல் வகுப்பு மாணவர் இரண்டு பேர் என்று உட்கார்ந்து, அவர்களும் முழுசாகப் படித்துவிட்டு முடிவு சொல்லட்டும். அந்த முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்க வேண்டும். தன் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுக்காமல் இருக்கலாம். அவர் உரிமையை நான் மதிக்கிறேன். சாதியைப் பற்றி வரும் கதைகளை வகுப்பில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வையுங்கள். அந்த அம்மாவையும் அதற்குக் கூப்பிடுங்கள், அவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். மறுபடி இரண்டு கார் வந்து நின்றால் நீங்கள் தனியாக நிற்க வேண்டாம். எந்த நேரமானாலும் ஒரு போன் போடுங்கள். கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். என்னோடு வர இன்னும் பதினாறு பெற்றோர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்கிறார்கள். லோடு ஆட்டோ அண்ணாச்சியின் வீட்டம்மாவும் ஒருவர்.

வருகிற வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம். இந்த மடலைப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் சாக்குகளைப் பிரித்து, தூசி தட்டி, எண் பார்த்து அடுக்க நாங்கள் இருந்து உதவுகிறோம். சாக்கு ஈரத் தரையில் கிடக்கிறது, மழை வருவதற்குள் எடுத்துவிட்டால் நல்லது.

நீலக் கலர் அட்டை போட்ட ஒரு கதைப் புத்தகம் இரண்டாவது சாக்கில் மேலாக இருக்கிறது. அதில் 46-ஆம் பக்கத்தில் ஒரு டவுன் பஸ் டிக்கெட் இருக்கும், மகளிருக்குக் கொடுக்கும் இலவச டிக்கெட். என் மகள் அடையாளத்துக்கு வைத்தது. தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
பாளையங்கோட்டை